வேலிக்கு அந்தப் பக்கம் வாங்கிய கூண்டு

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர் மேலே ஒரு ஜன்னல். கை வேலையாக இருக்கும்போது கண்ணுக்காவது மலை தெரியட்டும் என்று ஆர்லிஸ் முப்பது வருடத்துக்கு முன்னால் அடம்பிடித்து வைக்கச் சொன்ன ஜன்னல். இப்போது மலைக்கு முன்னால் ஒரு நீலத் தார்ப்பாய் தெரிந்தது. அதற்கு அடியில் மாட்டுக் கூண்டு. ஒரு தட்டைக் கழுவி வைப்பதற்குள் நான்கு முறை அதைப் பார்த்துவிடுவாள். பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஐந்து முறை.

ஊசி போடவும் சினை பார்க்கவும் மாட்டை அசையாமல் நிறுத்துகிற இரும்புக் கூண்டு அது. மாடு உள்ளே வந்து தலையை வெளியே நீட்டியதும், பக்கத்தில் நிற்பவர் லீவரை இழுக்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் இரண்டு இரும்புக் கதவுகள் வந்து கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த நவம்பர் காலையில் ஒரு கிடாரி காலை மடித்துக்கொண்டு கதவுக்குக் குறுக்கே விழுந்துவிட்டது. அவள் புருஷன் வெண்டெல் அதைத் திட்டிக்கொண்டே குனிந்து, தலையும் தோளும் உள்ளே விட்டு, காலை எடுத்துவிடப் பார்த்தான். லீவர் பக்கத்தில் நின்றது ஆர்லிஸ். கதவு மூடிக்கொண்டது.

எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் அதற்கு மேல் ஒரு சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. லீவர் நடுவில்தான் இருந்தது. அவள் அதை இழுக்கவில்லை. கையில் குளிருக்குப் போட்ட தடித்த தோல் கையுறை. கை லீவரின் மேலா இருந்தது, பக்கத்திலா என்றால், பக்கத்தில். கதவு தானாக வந்து மூடியது. வெண்டெலுக்குக் கழுத்துக்குக் கீழே எல்லாம் நின்றுபோனது. குரல் மட்டும் மிச்சம்.

ஊர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரங்களில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வேகவைத்துக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். தேவாலயத்தில் ஒவ்வொருத்தியும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்.

"உன் மேல ஒரு தப்பும் இல்ல, ஆர்லிஸ்."

தப்பு என்று யாராவது சொன்னார்களா? சொல்லாத குற்றத்துக்கு இத்தனை பேர் வந்து மன்னிப்புக் கொடுத்துவிட்டுப் போனால் அதற்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. தீவனக் கடையில் அவள் நுழைந்தால் பேச்சு சட்டென்று மழையைப் பற்றித் திரும்பியது. மொண்டானா மாநிலத்தின் அந்த மாவட்டத்தில் மழையே பெய்வதில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கூண்டின் கதவை எண்ணெய் அழுத்தத்தில் பிடித்து நிறுத்துகிற வால்வை, விஷயம் தெரிந்த ஒருவர், எல்லாரும் பார்க்கத் திறந்து, இது தானாக நழுவியது என்று சொல்ல வேண்டும். அவள் கையால் இல்லை என்று ஊருக்குத் தெரிய வேண்டும். ஊருக்கு மட்டுமா, அவளுக்கே தெரிய வேண்டும்.

"வால்வு மேல கைய வெச்சிடாதீங்க," என்றார் வக்கீல் எம்மெட் ரூனி, கூண்டைச் செய்த கம்பெனி மேல் வழக்குப் போட்ட அன்றே. வெண்டெலோடு ஒரே பள்ளியில் படித்தவர். மாவட்டத் தலைநகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மாடியில் அலுவலகம். "நாமளா திறந்தா, நாமதான் ஏதோ பண்ணிட்டோம்னு கம்பெனிக்காரன் சொல்லுவான். கோர்ட்டு உத்தரவு போடட்டும். ரெண்டு பக்கத்து இஞ்சினியரும் நிக்கட்டும். அதுவரைக்கும் மூடி வையுங்க. இன்னொண்ணு, நீங்க ரெண்டு பேரும் இதப் பத்தி உங்களுக்குள்ள பேசிக்காதீங்க. பேசினா, என்ன பேசினீங்கன்னு அவன் கேப்பான்."

அதனால் தார்ப்பாய். அதனால் ஒரே வீட்டில், ஒருவன் வாயில் இன்னொருத்தி கரண்டியை வைத்து ஊட்டிக்கொண்டு, அந்த ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு இரண்டு வருடம் பேசினார்கள்.

கம்பெனி இருந்தது இண்டியானாவில், ஆயிரத்து முந்நூறு மைலுக்கு அப்பால். அது வால்வைப் பற்றி வாயே திறக்கவில்லை. மொண்டானா கோர்ட்டுக்கு எங்களை விசாரிக்க அதிகாரமே இல்லை என்று மட்டும் எழுதிப் போட்டது. எங்களுக்கு அங்கே கடை இல்லை, ஆள் இல்லை, அந்தக் கூண்டை நாங்கள் அங்கே விற்கவும் இல்லை.

"அவன் மெஷின் இங்கதான என் புருஷன் கழுத்த ஒடைச்சுது?" என்றாள் ஆர்லிஸ்.

எம்மெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் எப்போதும் துடைப்பார். "இப்படிப் பாருங்க. பக்கத்துப் பண்ணைக்காரன் காளை வேலி தாண்டி உங்க நிலத்துக்கு வந்து நாசம் பண்ணினா அவன இங்க இழுத்து நிறுத்தலாம். நீங்களே வேலி தாண்டிப் போய் அத ஓட்டிட்டு வந்திருந்தா? அவன் எங்கிட்ட ஏன் கேக்குறேம்பான். கம்பெனி நம்மளத் தேடி வந்துச்சுன்னு காட்டணும். நம்ம ஊருல வியாபாரம் தேடுச்சு, அதனாலதான் நீங்க வாங்கினீங்கன்னு ஒரு நூலாவது வேணும். நீங்க அத எப்படி வாங்கினீங்க?"

அது ஊருக்கே மனப்பாடமான கதை. வெண்டெல் ஒருத்தருக்காக பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு டிரெய்லர் நிறைய குதிரைகளை இழுத்துக்கொண்டு இண்டியானாவுக்குப் போனான். காலி டிரெய்லரோடு வீடு திரும்புவதை அந்தப் பக்கத்து ஆண்கள் அவமானமாக நினைப்பார்கள். வழியில் ஒரு தொழிற்சாலை வாசலில் கூண்டுகள் நிற்பதைப் பார்த்தான், உள்ளே போனான், பேரம் பேசினான், ஏற்றிக்கொண்டு வந்தான். கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாளில் அண்டை அயலார் கூடும்போதெல்லாம் இதைச் சொல்லுவான். முடிவில் ஒரே வரி வரும். "எவனும் எனக்கு எதையும் வித்ததில்ல. நானாப் போய் வாங்கினேன்." பண்ணை வாசலில்கூட விற்பனைக்காரர்கள் உள்ளே வரக் கூடாது என்று தன் கையாலேயே எழுதி மாட்டியிருந்தான்.

கதையில் இல்லாத ஒன்று ஆர்லிஸுக்குத் தெரியும். மாடு வளர்ப்போர் சங்கத்தின் மாதப் பத்திரிகை மொண்டானாவில் எல்லாப் பண்ணைக்கும் வரும். அதில் அந்தக் கம்பெனி முழுப் பக்கம் விளம்பரம் போட்டிருந்தது. அவள்தான் அதைக் கிழித்து, நீல மையால் வட்டம் போட்டு, 'உன் வழியில்தான் இருக்கு' என்று எழுதி, பிக்கப்பில் வெயில் மறைக்கிற அட்டைக்குப் பின்னால் செருகி அனுப்பினாள். அவன் அதைப் பார்த்தான். திரும்பி வந்ததும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் முறை கதை சொல்லும்போது, தொழிற்சாலையைத் தானே கண்டுபிடித்ததாக அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான். ஒரு காகிதத்துக்காகப் புருஷன் கதையைக் கெடுப்பானேன் என்று அவளும் விட்டுவிட்டாள்.

வாக்குமூலம் வாங்க எல்லாரும் வீட்டுக்கே வந்தார்கள், வெண்டெலை வீட்டை விட்டு நகர்த்த முடியாதே. கம்பெனி வக்கீல் பில்லிங்ஸ் நகரத்திலிருந்து வந்த சின்னப் பெண். பனியில் நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். எதிரி என்றாலும் வீட்டுக்கு வந்தவள் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. ஆர்லிஸ் காப்பியும் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பும் வைத்தாள். அந்தப் பெண் இரண்டு துண்டு சாப்பிட்டாள், பாராட்டவும் செய்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வெண்டெல் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் தோர்ஸ்டட், எங்க கம்பெனி விளம்பரம் எதையாவது பாத்து வாங்கினீங்களா?"

"விளம்பரமா?" வெண்டெலின் குரலில் பழைய மிடுக்கு வந்தது. அடிபட்ட நாளிலிருந்து ஆர்லிஸ் அதைக் கேட்டதே இல்லை. "வாசல்ல போர்டு பாத்தியாம்மா? எவனும் எனக்கு எதையும் வித்ததில்ல. நானாத்தான் போனேன், நானாத்தான் வாங்கினேன்."

எம்மெட் மூலையில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வந்த தட்டெழுதுபவர் எல்லாவற்றையும் தட்டினார். அடுத்த ஒரு மணி நேரத்தில் ஆர்லிஸின் முறை. வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தாள். முதலில் லீவரைப் பற்றிக் கேட்டாள் அந்தப் பெண். கோட்டுக் கை அதில் மாட்டியிருக்குமா? கையுறை போட்ட கைக்குத் தொடுவது தெரியுமா? கிடாரி உதைத்தபோது நீங்கள் திடுக்கிடவில்லையா?

"என் கை படல," என்றாள் ஆர்லிஸ். குரல் நடுங்கவில்லை.

"கடைசியா ஒண்ணு. இந்தக் கூண்டைப் பத்தின விளம்பரம் நீங்களாவது பாத்தீங்களா?"

கதவு திறந்திருந்தது. கட்டிலிலிருந்து வெண்டெல் கேட்டுக்கொண்டிருந்தான். அசைக்க ஒரு விரல் இல்லாத மனிதன், தன்னிடம் மிச்சமிருந்த ஒரே பெருமையை இப்போதுதான் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் எடுத்து வைத்திருந்தான். அதை அவன் பெண்டாட்டியே பிடுங்கிப் போடுவதா?

"இல்ல. அவர் சொன்னதுதான். விளம்பரம் எதையும் பாக்கல."

அந்தக் குரலும் நடுங்கவில்லை.

எம்மெட் வண்டியில் ஏறும்போது வெண்டெலைத் திட்டிக்கொண்டே ஏறினார். "அவனும் அவன் போர்டும்! இண்டியானாவுலயும் ஒரு கேஸு போட்டு வைக்கலாம்னு சொல்லிப் பாத்தேன், அங்க ரெண்டு வருஷந்தான் கெடு. என்ன சொன்னான் தெரியுமா? 'விழுந்தது இங்க, கேக்கறதும் இங்கதான். என்ன ஆம்புலன்ஸுல வெச்சு அங்க ஊர்வலம் கொண்டு போவியா?'ன்னான்."

"இப்ப சொன்னத மாத்திச் சொல்ல முடியாதா?" என்றாள் ஆர்லிஸ். எதை என்று சொல்லவில்லை.

"மாத்தலாம். யாரு வேணாம்னா? ஆனா சத்தியம் பண்ணிச் சொன்ன ஒண்ண மாத்தினா, மிச்சம் சொன்ன அத்தனையையும் கிழிச்சுத் தொங்கவிடுவாங்க. இதுல பொய் சொன்னவ அதுல சொல்ல மாட்டாளான்னு." அவர் அவளை ஒரு நிமிடம் கூர்ந்து பார்த்தார். "ஏதாவது இருக்கா, ஆர்லிஸ்?"

"சும்மாதான் கேட்டேன்."

விசாரணை ஜனவரியில். இண்டியானாவின் கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆர்லிஸ் தனியாகப் போனாள். கோர்ட்டு வாசலில் பிக்கப்பை நிறுத்திவிட்டு, ஏன் என்று தெரியாமலே வெயில் மறைக்கிற அட்டையைக் கீழே இழுத்தாள். பழைய டீசல் ரசீதுகளுக்கு நடுவில் பக்கம் அப்படியே இருந்தது. மடிப்பில் மஞ்சளாகியிருந்தது. நீல வட்டம், அவள் கையெழுத்து. பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜட்ஜ் நல்ல மனிதர்தான். கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குக் கோபப்படவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். எம்மெட் அரை மணி நேரம் பேசியதைப் பொறுமையாகக் கேட்டார். கம்பெனிப் பெண் பத்து நிமிடம் பேசினாள். அந்தப் பத்து நிமிடத்தில் கூண்டு என்ற சொல் மூன்று முறை வந்தது. வெண்டெலின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

"மிஸ்டர் ரூனி," என்றார் ஜட்ஜ், "அந்தப் பத்திரிகை நம்ம ஊருக்கெல்லாம் வருது, அதுல இவங்க விளம்பரம் போட்டாங்க. சரி, அத ஒத்துக்கறேன். ஆனா அந்த விளம்பரத்துக்கும் இந்தக் கூண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் காட்டுங்க. இவங்க அதப் பாத்துட்டுப் போனாங்கன்னு ஒரு துண்டுக் காகிதம் இருக்கா? இருந்தா நான் இத வேற மாதிரி பாக்கணும்."

ஆர்லிஸின் கை பைக்குள் போனது. விரலுக்குக் காகிதம் தட்டுப்பட்டது. இன்று கையுறை இல்லை, அதனால் மடிப்பு, ஓரத்தில் கிழிந்த பிசிறு எல்லாம் தெரிந்தது. எழுந்து நின்றால் போதும். நின்று, அதை நீட்டினால் கேஸ் இந்த ஊரிலேயே நடக்கும், வால்வைத் திறப்பார்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சின்னப் பெண் எழுந்து நிற்பாள். மிசஸ் தோர்ஸ்டட், அன்று சத்தியம் செய்து பார்க்கவில்லை என்றீர்களே? அப்படியானால் லீவரைப் பற்றிச் சொன்னது? இந்த ஊரிலிருந்தே எடுத்த ஜூரிகள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து அதைக் கேட்பார்கள். பன்னிரண்டு பேரும் அவளுக்குக் கண்ணாடிப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்தவர்களாக இருப்பார்கள்.

காகிதத்தைக் காட்டாவிட்டால் வழக்கே இல்லை. காட்டினால் அவள் சொல்லுக்கு மதிப்பில்லை. எந்தப் பக்கம் போனாலும் சுவர். கடவுளே, இரண்டில் ஒன்றையாவது எனக்கு விட்டு வைத்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆத்திர ஆத்திரமாக வந்தது.

"அப்படி ஒண்ணும் இல்லைங்க," என்று எம்மெட் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

தீர்ப்பு ஏப்ரலில் தபாலில் வந்தது. ஒன்பது பக்கம். எம்மெட் நேரில் வந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கட்டிலருகே உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினார். வாதிகள் தாங்களாகவே இன்னொரு மாநிலத்துக்குப் போய் வாங்கியிருக்கிறார்கள். வாங்கும்படி கம்பெனி அவர்களை இங்கே தேடி வரவில்லை என்று இருவரும் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார்கள். ஆகவே கம்பெனியைக் கேட்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. விபத்து எப்படி நடந்தது என்பது பற்றி இந்தக் கோர்ட்டு ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப யாரு சொல்லுவா?" என்றாள் ஆர்லிஸ்.

"இண்டியானாவுல சொல்லியிருக்கலாம். அங்க கெடு தாண்டிடுச்சு. அப்பீல் போடலாம், ஆனா இதே வாக்குமூலத்த வெச்சுக்கிட்டு..." எம்மெட் காகிதங்களை மடித்தார். "மன்னிச்சுக்கடா, வெண்டெல்."

"வால்வு?"

"இனிமே யாரு வேணா திறந்துக்கலாம். தடையில்ல."

மறுநாள் காலையில் லைல் வந்தான். வடக்குப் பக்கத்துப் பண்ணைக்காரன், சுற்றுவட்டாரத்தில் எந்த இயந்திரம் படுத்தாலும் அவன்தான் வைத்தியன். பனி உருகி முற்றமெல்லாம் சேறு. தார்ப்பாயை உருவியதும் அதன் மடிப்புகளிலிருந்து தண்ணீர் கொட்டியது. கீழேயும் தண்ணீர் நின்றது. ஆர்லிஸ் பக்கத்தில் நின்று பார்த்தாள். வெண்டெலின் சக்கர நாற்காலியை ஜன்னலருகே தள்ளி வைத்திருந்தாள்.

லைலுக்குப் போல்ட்டுகளை அசைக்கவே ஒரு மணி நேரம் ஆனது. வால்வின் மூடி பிளந்துகொண்டு வந்தபோது உள்ளேயிருந்து எண்ணெய் வரவில்லை, காப்பிநிறத் தண்ணீர் வந்தது. அவன் விரலை விட்டு ஒரு ஸ்பிரிங்கை எடுத்தான். இரண்டு துண்டாக வந்தது.

"ஒடைஞ்சிருக்கு," என்றாள். "லைல், ஒடைஞ்சிருக்கே!"

லைல் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒடைஞ்சுதான் இருக்கு. இது ஒடைஞ்சா கதவு தானா வந்து மூடும், அது வாஸ்தவம்." கையைக் கால்சட்டையில் துடைத்தான். "ஆனா முனையெல்லாம் துரு தின்னுடுச்சு பாரு. அன்னைக்கே ஒடைஞ்சுதா, இல்ல மூணு குளிர்காலம் தண்ணியில உறைஞ்சு உறைஞ்சு அப்புறம் ஒடைஞ்சுதான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. அந்த வாரமே திறந்திருந்தா நானே சொல்லியிருப்பேன், ஆர்லிஸ். இத்தன நாளும் பக்கத்துலயேதான் இருந்தேன்."

காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வீட்டில் அவன் காப்பி வேண்டாமென்றது அதுதான் முதல் தடவை.

அவள் கையைக் கழுவிக்கொண்டு, வெண்டெலைக் கட்டிலுக்கு மாற்றி, சூப்பைச் சூடாக்கி, அருகே போனாள். ஸ்பிரிங்கின் இரண்டு துண்டுகளையும் மேஜை மேல் வைத்திருந்தாள். லைல் சொன்னதைச் சொன்னாள். வெண்டெல் கேட்டுக்கொண்டான். இரண்டு கரண்டி சூப் குடித்தான். மூன்றாவதற்கு வாயைத் திறக்கவில்லை.

"ஆர்லி, ஒண்ணு கேக்கணும். எம்மெட் கேக்காதேன்னான், கேக்கல. இனிமே கெடறதுக்கு என்ன இருக்கு."

"கேளு."

"நான் குனிஞ்சிருந்தேன். எனக்கு அந்தக் கிடாரியத் தவிர ஒண்ணும் தெரியல. உன் கை பட்டுச்சா? தெரியாமப் பட்டிருந்தாலும் பரவால்ல. கோவிச்சுக்க மாட்டேன். நாப்பது வருஷம் கூட இருந்தவ. சும்மா தெரிஞ்சா போதும் எனக்கு."

இரண்டு வருடமும் அவனுக்குள்ளும் அந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது. ஊட்டும்போது, துடைக்கும்போது, புரட்டிப் படுக்கவைக்கும்போது, எல்லா நேரமும் இருந்திருக்கிறது.

"படல," என்றாள்.

வெண்டெலின் முகம் தளர்ந்தது. "சரி. கை தூக்கி சத்தியம் பண்ணிச் சொன்ன ஆளு நீ. பொய்யா சொல்லப்போற. எனக்கு அது போதும்." கண்ணை மூடிக்கொண்டான். பிறகு அப்படியே சொன்னான்: "கூண்டு நல்ல கூண்டுதான், தெரியுமா. எவனும் எனக்கு விக்கல. நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

"ஆமா," என்றாள் ஆர்லிஸ்.

அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'படல' என்று இப்போது சொன்ன குரலைத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். நடுக்கமில்லாத, நல்ல தெளிவான குரல். அன்று மேஜை முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு, விளம்பரம் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னபோதும் இதே குரல்தான் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார்த்தாள். அவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை. சூப் ஆறிப்போனதும் எழுந்து, அதைச் சூடாக்க எடுத்துக்கொண்டு போனாள்.